விரதம் இருந்த கார்

வெள்ளிக்கிழமைகளில் மட்டுந்தான் அந்தக் கார் வழியில் நின்றது. திங்கட்கிழமை ஒழுங்காக ஓடும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் சாவகச்சேரிச் சந்தைக்கும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்வரும். வெள்ளி வந்தால், கைதடியிலோ நாவற்குழிப் பாலத்திலோ ஒரு விக்கல் எடுத்து, இன்னொரு விக்கல் எடுத்து, அப்படியே அணைந்துவிடும். மட்டுவில் சந்தியில் அதைப் பற்றி ஒரு பகிடி இருந்தது: "வேதக்காரியின்ரை காருக்கு வெள்ளிக்கிழமை விரதமாம்."

காரின் சொந்தக்காரி, கிறிஸ்தவரான பியாட்றிஸ். ஓய்வுபெற்ற தாதி. ஊருக்கு இன்னும் 'மிஸி'. திங்களும் வெள்ளியும் பக்கத்து வளவுச் சீவரத்தினத்தை இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் அந்தக் காரின் முக்கியமான வேலை. சீவரத்தினத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. ஓட்டோவில் போனால் திரும்பி வரும்போது அவரால் நிமிர்ந்து இருக்க முடியாது. காரின் முன் இருக்கையைச் சாய்த்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வீடு வந்து சேருவார். யாரும் கேட்டு மிஸி இதைத் தொடங்கவில்லை. ஒருநாள் மழையில் அவரும் மனைவி குணலட்சுமியும் வேலியோரம் ஓட்டோவுக்குக் காத்து நின்றதைக் கண்டு கதவைத் திறந்தார். பிறகு அதை மூட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

குணலட்சுமி நன்றி சொல்லத் தெரியாத மனிசி. வெள்ளிக்கிழமை விடியப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்து, காரின் முகப்பில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். தேவாலயத்தில் ஒருவர் அதைக் குத்திக் காட்டினார்.

"என்ன மிஸி, காருக்குப் பொட்டும் வைச்சாச்சோ?"

"காருக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லை ஐயா. அது விரும்பின இடத்துக்குப் போகலாம்" என்றார் பியாட்றிஸ்.

ஆனால் போன வெள்ளி பகிடியாக இருக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் நின்ற கார் மறுபடி உயிர் கொள்ளவே இல்லை. வெயிலில், வீங்கிய கால்களோடு சீவரத்தினம் முன் இருக்கையில் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தார். பியாட்றிஸின் தம்பி றிச்சர்ட் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்ததால் ஆபத்தில்லாமல் முடிந்தது. அன்றைக்குத் தம்பி ஒரு வாக்கு வாங்கிக்கொண்டான்: இன்னொரு முறை வழியில் நின்றால் காரை உடைக்கிறவனுக்குக் கொடுத்துவிடவேண்டும். சீவரத்தினத்தின் முகத்தைப் பார்த்த பியாட்றிஸால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

இந்த வெள்ளி கைதடியில் நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி ஓடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாலும், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த றிச்சர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

"அக்கா, வாக்கு வாக்குத்தானே. கார் உடைக்கிற லொறிக்காரனுக்குச் சொல்லப்போறன்."

"சொல்லு. அதுக்கு முதல் ஒருக்கா கராஜ் சிவரூபனிட்டைக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வாறன்."

"அவன் எத்தினை தரம் பாத்திட்டான்! சரி, அங்கையே லொறியை வரச் சொல்லுறன். ஏத்த வசதி."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த சீவரத்தினம் மனைவியைக் கண்ணால் கூப்பிட்டார். "நீயும் மிஸியோடை போ. நான் இஞ்சை மெஷினிலைதானே கிடக்கப்போறன். தனிய விட்டால் றிச்சர்ட் காரோடை சேத்து மிஸியையும் வித்துப்போடுவான்."

கொக்குவிலில் தண்டவாளத்துக்குக் கிட்ட, மதிலோடு சாய்த்த தகரக் கொட்டகைதான் சிவரூபனின் கராஜ். காரைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது. ஸ்கானரைப் பொருத்தி, திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"இந்தமுறை காத்து அளக்கிற சென்சர் பிழையாம். போனமுறை சூடு அளக்கிறது. அதுக்கு முதல் வேறையொண்டு. சொன்னதெல்லாம் மாத்தியாச்சு. அம்மா, நேரை சொல்லுறன், இதின்ரை கொம்பியூட்டர் செத்துப்போச்சு. உந்த வயசுக் காருக்குப் புதுசு இல்லை. பழசு கிடைச்சாலும் அது எத்தினை நாளைக்கோ!"

"கேட்டீங்களே அக்கா?" என்றான் றிச்சர்ட்.

பியாட்றிஸ் தம்பியைப் பார்க்காமல் சிவரூபனைக் கேட்டார். "தொட்டுப் பாத்தீரோ?"

"என்னத்தையம்மா?"

"செத்தது எண்டு சொன்னீரே, அதை."

"ஸ்கானர் சொல்லுதே."

"நான் முப்பது வருசம் வார்ட்டிலை நிண்டனான் தம்பி. மெஷின் கோடு காட்டேல்லை எண்டால் நாங்கள் முதலிலை ஓடிப்போய்ப் பாக்கிறது ஆளைத்தான். வயர் கழண்டிருக்கும். ஆள் கண்ணை முழிச்சுக்கொண்டு, என்ன பிள்ளை ஓடிவாறாய் எண்டு கேக்கும். நாடி பிடிச்சுப் பாராமல் செத்தது எண்டு சொல்ல உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

சிவரூபனுக்குச் சிரிப்பு வந்தது. "வயர் முழுக்கத் தேடுறதெண்டால் நேரம் போகுமம்மா."

"போகட்டும். அவரை மெஷினிலை இருந்து எடுக்க மத்தியானம் ஆகும்." அவர் சாரதி இருக்கையில் ஏறி அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். "லொறி வந்தாலும் என்னோடை சேத்துத்தான் ஏத்தவேணும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா" என்றான் றிச்சர்ட். பிறகு குரல் தாழ்ந்தது. "வழியிலை அந்த மனிசனுக்கு ஒண்டு நடந்தால் ஊர் உங்களைத்தானே சொல்லும்? எனக்கு அதுதான் பயம்."

"கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலை இருந்து, அவருக்கு ஓட்டோவிலை ஒண்டு நடந்தால், ஊர் ஒண்டும் சொல்லாது. ஆனால் நான் ஜெபம் பண்ண முழங்காலிலை நிக்கேக்கை எனக்கெல்லோ கேக்கும்."

சிவரூபன் என்ஜினை ஓடவிட்டு முன் மூடியைத் திறந்தான். வயர்களைக் கத்தை கத்தையாகப் பிடித்து மெல்ல ஆட்டத் தொடங்கினான். ஆட்டுவதும் காது கொடுப்பதுமாக இருந்தவன் பாதியில் நின்றான்.

"மெய்தான்" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒரு சென்சர் பொய்ச் சாட்சி சொல்லலாம். எல்லாச் சாட்சியும் மாறி மாறிப் பொய் சொல்லுதெண்டால் கேக்கிறவன்ரை காதிலைதான் ஏதோ பிழை."

அவன் இடப்பக்கக் கதவைத் திறந்து, சீவரத்தினம் கால் வைக்கும் இடத்தில் குந்தினான். அந்த மூலையில், பக்கத் தட்டுக்குப் பின்னால்தான் காரின் கொம்பியூட்டர் இருந்தது. தட்டைக் கழற்றி, உள்ளே போகும் தடித்த வயர்க் கத்தையைப் பிடித்து ஒரு சின்ன ஆட்டு ஆட்டினான்.

என்ஜின் விக்கியது. மறுபடி ஆட்டினான். அணைந்துபோயிற்று.

"அகப்பட்டிட்டுது!"

பற்றறியைக் கழற்றிவிட்டு அவன் பிளக்கை இழுத்தான். செப்பு ஊசிகளின்மேல் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஒன்று பாதி தின்னப்பட்டிருந்தது. அடியில் கார்ப்பெற் ஈரமாகக் கிடந்தது. பிளக்கின் விளிம்பில் காய்ந்த அறுகம்புல் ஒன்று ஒட்டியிருந்தது. சிவரூபன் அதை மூக்கருகே கொண்டுபோனான்.

"இதென்ன, கோயில் மணம் மணக்குது?"

பின் இருக்கையில் மடிமேல் பையை வைத்துக்கொண்டிருந்த குணலட்சுமி எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"அது... தீர்த்தம்" என்றார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர்தான் மேலே சொல்லவேண்டியிருந்தது. பயணம் தொடங்குமுன் மிஸி எப்போதும் சுக்கான் வளையத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி ஜெபம் செய்வார். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரம் பார்த்துத்தான் குணலட்சுமி, கோயிலில் இருந்து செம்பில் கொண்டுவந்த அபிஷேகத் தண்ணீரைக் கணவன் கால் வைக்கும் இடத்தில் ஊற்றுவார். பாலும் இளநீரும் மஞ்சளும் கலந்த தண்ணீர். கணவன் ஏறுமுன் அது கார்ப்பெற்றுக்குள் இறங்கிவிடும்.

"கால் வீங்கிற மனிசன், மிஸி. கால் வைக்கிற இடத்திலை சாமியின்ரை தண்ணி பட்டால் நல்லது எண்டு... நீங்கள் உங்கடை சாமியைக் கும்பிடேக்கை நானும் கும்பிட்டால் ரெண்டும் ஒண்டாய்ப் போகும் எண்டு நினைச்சன்."

"நல்லாய்ப் போச்சுது!" றிச்சர்ட் வெடித்தான். "மூண்டு மாசமாய் வெயிலிலை காரைத் தள்ளினது இதுக்கோ? உங்கடை மனிசனை ஏத்தின காருக்கு நீங்களே தண்ணி வாத்துப்போட்டியள்!"

தண்ணி வார்ப்பது என்றால் செய்தது வீணாய்ப் போனது என்றும் ஊரில் பொருள். குணலட்சுமிக்கு அது சுட்டது. காரிலிருந்து இறங்கி நின்றார்.

"செம்புக்குக் களிம்பு மாதிரி உயிருக்கு ஆணவம் எண்டு கோயிலிலை படிக்கக் கேட்டிருக்கிறன். என்ரை செம்பாலையே வந்திட்டுது பாருங்கோ. இனி நாங்கள் உங்கடை காரிலை ஏறமாட்டம் மிஸி. ஓட்டோவோ பஸ்ஸோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

அந்த நேரம் பார்த்து றிச்சர்ட்டின் தொலைபேசி அடித்தது. லொறிக்காரன். பியாட்றிஸ் கையை நீட்டினார். தம்பி தயங்கினான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்துவிட்டான்.

"தம்பி, லொறியைத் திருப்பும். ஓம், அந்தக் கார்தான். இல்லை, விலை காணாதெண்டு இல்லை. இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. வையும்."

பிறகு அவர் இறங்கி வந்து குணலட்சுமியின் கையிலிருந்த பையை வாங்கி இருக்கையில் திரும்ப வைத்தார்.

"களிம்பு தேய்ச்சால் போகும். நீங்கள் இறங்கிப் போனால் நான் என்னத்தைத் தேய்க்கிறது? ஏறுங்கோ."

"மிஸி..."

"ஏறுங்கோ எண்டு சொன்னன். ரெண்டு பேர் கும்பிட்டது ஒரு குத்தமெண்டால் அதிலை பாதி என்ரை. சிவரூபன், கொம்பியூட்டரை அந்த மூலையிலை இருந்து தூக்கி மேலை கட்ட ஏலுமோ?"

"ஏலும். ஆனால் இனி அம்மா தண்ணி ஊத்தாட்டில் அதுக்குத் தேவையில்லையே."

"ஊத்துவா" என்றார் பியாட்றிஸ். "அதுதான் தூக்கிக் கட்டச் சொல்லுறன். மனிசரின்ரை பக்திக்கு மெஷின் இடம் விடட்டும். மெஷினுக்காக நான் ஒருத்தியின்ரை செம்பைப் பறிக்கமாட்டன்."

சிவரூபன் றிச்சர்ட்டைப் பார்த்தான். றிச்சர்ட் மேலே தகரத்தைப் பார்த்தான். "அக்காவோடை வாதாடி வெண்டவர் எங்கடை குடும்பத்திலை இல்லை" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த டோர்ச்சை எடுத்து வந்து சிவரூபனுக்கு வெளிச்சம் பிடித்தான்.

கொம்பியூட்டரின் உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லை. தகடு பளிச்சென்று இருந்தது. செத்தது என்று தீர்ப்பெழுதப்பட்டது, கெட்டுப்போன ஒரு ஊசிக்குப் பின்னால் சுகமாக உட்கார்ந்திருந்தது. சிவரூபன் மருந்து அடித்துப் பழைய பற்தூரிகையால் களிம்பைத் தேய்த்தான். தின்னப்பட்ட ஊசியை மாற்றி ஈயம் வைத்தான். பிறகு பெட்டியை ஒரு முழம் மேலே, முன் இருக்கைக்கு எதிரே உள்ள தட்டறைக்குப் பின்னால் இறுக்கினான். வயர்க் கத்தையைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினான்.

"வயர் வழியாய்த் தண்ணி வந்தாலும் வளைவிலை நிண்டு சொட்டிப்போடும். மேலை ஏறாது" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "நான் முதலே இதைப் பாத்திருக்கவேணும், அம்மா."

"இண்டைக்குப் பாத்தீர்தானே."

அவன் வயர்களைப் பிடித்து ஆட்டினான், உலுக்கினான், ஈரத் துணியைப் பிழிந்தும் பார்த்தான். என்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. சீவரத்தினத்தை மெஷினிலிருந்து எடுக்கும் நேரத்துக்கு அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

திங்கட்கிழமை கடந்து வெள்ளி வந்தது. பியாட்றிஸ் காரைப் பக்கத்து வளவுப் படலை வாசலில் நிறுத்தினார். றிச்சர்ட் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து நின்றான். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. சீவரத்தினத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த குணலட்சுமியின் நெற்றியில் புதுத் திருநீறு இருந்தது. மற்றக் கை வெறுங்கையாக இருந்தது.

பியாட்றிஸ் என்ஜினை நிறுத்தினார்.

"செம்பு எங்கை?"

"கொண்டு வரேல்லை மிஸி. வேண்டாம்."

"போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் ஸ்ராட் பண்ணமாட்டன்."

"நேரம் போகுது அக்கா!" என்றான் றிச்சர்ட்.

"போகட்டும். அவவின்ரை தண்ணி இல்லாமல் இந்தக் கார் படலை தாண்டாது."

சீவரத்தினம் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓடிப்போய்க் கொண்டு வாவன். உவ சொன்னால் சொன்னதுதான். நான் இஞ்சை நிண்டே காய்ஞ்சுபோவன்."

குணலட்சுமி வீட்டுக்குள் போய்த் தீர்த்தச் செம்போடு வந்தார். பளபளவென்று புளி போட்டுத் துலக்கிய செம்பு. காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தவர், காலடி மூலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து, முன் சில்லின்மேல் தண்ணீரை ஊற்றினார்.

"கால் வைக்கிறது அவரெண்டாலும் ஓடுறது சில்லுத்தானே, மிஸி. அதுக்கு விடுறன். உங்கடை கொம்பியூட்டர் பாவம், மேலை இருக்கட்டும்."

செம்பின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. அவர் தயங்கி நின்றதைக் கண்ட பியாட்றிஸ் யன்னல் கண்ணாடியை இறக்கித் வெயிலில் கறுத்த தன் கையை வெளியே நீட்டினார். குணலட்சுமி சுற்றி வந்து அந்தக் கையில் விரல்களால் தெளித்தார்.

சீவரத்தினம் ஏறிச் சாய்ந்துகொண்டார். பியாட்றிஸ் வழக்கம்போலச் சுக்கானில் தலையைச் சாய்த்தார். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபம் செய்தார்.

பிறகு திறப்பைத் திருப்பி என்ஜினை ஓடவிட்டார். கைதடி தாண்டியது. நாவற்குழிப் பாலத்தின்மேல் உப்புக் காற்று அடித்தது. கார் விக்கவில்லை.