பேரம் பேசாத ஆள்

வின்னி லாவெல் பதினாலு பவுன் என்று சொன்னதே பன்னிரண்டில் வந்து நிற்பதற்காகத்தான். சனிக்கிழமைக்குள் குத்தகை பாக்கி பன்னிரண்டு பவுனைக் கட்டாவிட்டால், பண்ணை ஏஜெண்ட் ஆட்களோடு வந்து வீட்டைப் பூட்டிவிடுவான். அதனால்தான் அந்த விதவை தன் ஒரே பசுவை ட்ரம்ஷீன் சந்தைக்கு ஓட்டி வந்திருந்தாள்.

பளபளக்கும் பூட்ஸ் போட்ட அசலூர்க்காரன் ஒருவன் பசுவை ஒரு பார்வை பார்த்தான். "சரிம்மா, பதினாலு" என்று பைக்குள் கையை விட்டான்.

வின்னி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் பசுவின் மடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. "கொள்ளையடிக்கிறியா?" என்று கத்தவில்லை. கோபித்துக்கொண்டு நாலடி போய்த் திரும்பி வரவில்லை. இதெல்லாம் ஒரு வியாபாரமா? கள்ள நோட்டாக இருக்கும். இல்லாவிட்டால் பசுவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கும். பேரம் படிந்தால் செய்கிற வழக்கப்படி உள்ளங்கையில் எச்சில்கூடத் துப்பாமல் அவன் கையை நீட்டியபோது, அவள் தன் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"குடுக்குறதா இல்ல, போய்யா."

"நீங்க கேட்டதத்தானே தர்றேன்?"

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். அதைச் சந்தையே பார்த்தது. மாட்டு வியாபாரி கொய்ன் பசுவை மூன்று சுற்றுச் சுற்றி வந்தான்.

"பதினாலுக்கு ஒத்துக்கிட்டவன் ஏன் விட்டுட்டுப் போனான்? மாட்டுக்கு என்ன கோளாறு தாயி?"

"நான்தான்யா குடுக்கல!"

"யார்கிட்ட காது குத்துற? பதினாலு பவுன வேணாம்னு சொல்ல உனக்கென்ன பைத்தியமா?"

பிறகு வந்தவர்களும் அதையே கேட்டார்கள். சந்தை கலையும் நேரத்தில் கொய்ன் திரும்பி வந்து ஏழில் ஆரம்பித்தான். வசவு, சத்தியம், இருவர் கையையும் பிடித்து இழுக்கும் தரகன், எச்சில், உள்ளங்கையில் ஓங்கி ஓர் அடி என்று எல்லாம் முறைப்படி நடந்து பத்தில் முடிந்தது. அதிலும், விற்றவர் வாங்கியவருக்குத் தர வேண்டிய அதிர்ஷ்டக் காசு என்று ஒரு ஷில்லிங்கை அவனுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது அந்த அசலூர்க்காரன் ஒரு கிழட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனான்.

"புது டாக்டர் வீட்டு வேலக்காரன்" என்றான் தரகன். "டப்ளின் பட்டணத்துக்காரன். அதுக்குப் போய்ப் பதினாறு குடுத்திருக்கான், மடையன்."

வின்னி ஓடிப்போய் அந்த அசலூர்க்காரன் சட்டையைப் பிடித்தாள். கண்ணீர் கொட்டியது.

"உனக்கு வாயில்லையா பாவி? ஒரு வார்த்த கொறைச்சுக் கேட்டிருந்தா, பன்னெண்டுக்கே குடுத்திருப்பேனே!"