ஆறாவது தட்டு

தனக்கு ஏன் பரிசு கொடுத்தார்கள் என்பதே மாரிசெல்விக்கு முதலில் புரியவில்லை. ஒரகடத்தில் கார்களுக்கு ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் அவள் மூன்று வருடமாக வேலை பார்த்துவந்தாள். லைனில் வரும் ஒவ்வொரு லைட்டின் மூடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழியோ இருந்தால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். அவள் பார்த்து அனுப்பியதில் ஆறு மாதமாக ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு அட்டை இருந்தது. டிவி சமையல் போட்டியில் நடுவராக வரும் செஃப் ஹேமந்தின் ரெஸ்டாரண்டில் இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு.

ரெஸ்டாரண்ட் ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், வெளிநாட்டு அதிகாரிகள் தங்கும் ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் இருந்தது. துணைக்கு எழிலரசியைக் கூப்பிட்டாள். எழிலரசி வடக்குப்பட்டுக்காரி, லைனில் அடுத்த மேசை. ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் ஏறும்போதே அவள் சொன்னாள்:

"காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னல. வயித்த காலியா வெச்சிக்கினு வந்துக்கீறேன்."

"எம்புட்டுத் தருவாவளோ, பாப்போம்ட்டி" என்றாள் மாரிசெல்வி. அவள் சங்கரன்கோவில் பக்கம்.

மெனு கார்டு வரவில்லை. கறுப்பு உடுப்பில் ஒருவர் வந்து குனிந்து வணங்கினார். சட்டையில் பேச்சிராஜ் என்று எழுதியிருந்தது. பேரைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பக்கமாக இருக்குமோ என்று மாரிசெல்விக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அவர் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்.

"மொத்தம் ஒன்பது தட்டுகள் மேடம். செஃப் இன்று இங்கேயே இருக்கிறார். எல்லாம் அவருடைய கைப்பக்குவம்."

முதலில் ஒரு கிண்ணம் நிறையக் கூழாங்கல் வந்தது. "இதில் இரண்டு மட்டும் உருளைக்கிழங்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இரண்டு பேரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழிலரசி ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல் கூசியது.

"கல்லுடி!"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்காவ."

அடுத்து ஒரு மரக்கிளை வந்தது. அதில் தொங்கிய இலைகளில் எது அப்பளம், எது இலை என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது தட்டில் மூடியைத் திறந்ததும் புகை வந்தது. புகை கலைந்த பிறகு அடியில் ஒரே ஒரு இறால் கிடந்தது. நாலாவது கறுப்பாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. என்னவென்றுதான் தெரியவில்லை. ஐந்தாவதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு தகடு செருகியிருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று இருவரும் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். தட்டை எடுக்க வந்த பேச்சிராஜ் புன்னகைத்தார்.

"அதுவும் சாப்பிடுவதுதான் மேடம். சர்க்கரைக் கண்ணாடி."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. மாரிசெல்விக்கு முகம் சுட்டது. நாள் முழுக்க ஒரு பொருளைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வதுதான் அவள் வேலை. இங்கே எதைப் பார்த்தாலும் தப்பாகவே போனது.

ஆறாவதாக மீன் வந்தது. பச்சைக் குழம்பு, மேலே சோப்பு நுரை போல வெள்ளை நுரை. அந்த நுரையில் நகம் அளவுக்கு ஏதோ பளபளத்தது.

"இதுவும் சக்கரதான்" என்று எழிலரசி ஸ்பூனை எடுத்தாள்.

"இரு."

"இன்னாடி?"

மாரிசெல்விக்கே தெரியவில்லை. போன தட்டில் இருந்த தகடு ஓரம் மழுங்கியிருந்தது. இது ஒரு பக்கம் கூராக இருந்தது. ஆனால் கூராகவே செய்திருக்கலாம். கல்லைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்? கேட்டால் மறுபடியும் சிரிப்பார்கள். முன்பு ஒருமுறை லைனில் சந்தேகப்பட்டு ஸ்டாப் பட்டனை அமுக்கி, ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது சூப்பர்வைசர் அண்ணாதுரை அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டது நினைவுக்கு வந்தது.

அவள் அதை இரண்டு விரலால் எடுத்து, தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். சர்க்கரை என்றால் பிசுபிசுக்கும். இது ஒட்டவில்லை. தட்டின் விளிம்பில் மெல்லத் தட்டினாள். கிணுங்கென்றது.

"எழில், இது நெசக் கண்ணாடிட்டி."

நிமிர்ந்து பார்த்தாள். எல்லா மேசைகளுக்கும் அதே மீன் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு கொரியாக்காரக் குடும்பம். நாலு வயதுப் பெண் குழந்தை ஸ்பூன் நிறைய நுரையை அள்ளி, வாயைத் திறந்தது.

"சாப்டாதீங்க!" என்று மாரிசெல்வி கத்தினாள்.

அங்கிருந்த எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, குழந்தையின் ஸ்பூனைத் தட்டிவிட்டு, தட்டின்மேல் தன் கையை விரித்து வைத்தாள். சூடான குழம்பு விரல்களுக்கிடையே ஏறியது. குழந்தை வீரிட்டு அழுதது. தாய் பயந்துபோய்க் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"கிளாஸ்! கிளாஸ்!" என்றாள் மாரிசெல்வி.

தகப்பன் ஒரு நொடி விழித்தார். பிறகு தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்து மரியாதையாக அவளிடம் நீட்டினார். ஓடிவந்த பேச்சிராஜும், "மேடம், உங்கள் மேசையிலேயே தண்ணீர் இருக்கிறதே" என்றார்.

"தண்ணி இல்லண்ணே! கண்ணாடி! சாப்பாட்டுல கெடக்கு!"

"அது சர்க்கரை மேடம்…"

அவள் அந்தத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரலால் அழுத்தினார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

"எம்மா! கண்ணாடியேதாம்ல இது" என்றார் பேச்சிராஜ். சுத்தமான தெக்கத்திப் பேச்சு.

சமையலறைக் கதவு திறந்து செஃப் ஹேமந்த் வந்தார். டிவியில் பார்த்ததைவிடக் குள்ளம். துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். துண்டோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது: "எல்லாத்தையும் கொட்டுங்க. எல்லாத்தையும்!"

தட்டு அலங்கரிக்கும் மேசைக்கு மேல், சாப்பாடு ஆறாமலிருக்கத் தொங்கவிட்டிருந்த சூட்டு விளக்கின் பல்பு விரிசல் விட்டு, சில்லு சில்லாக உதிர்ந்திருந்தது. நாலு தட்டுகளில் துண்டு இருந்தது. யாரும் விழுங்கியிருக்கவில்லை. செஃப் ஒவ்வொரு மேசையாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு மேசையில் அதையும் சாப்பாட்டு நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கை தட்டினார்கள். இன்னொரு மேசையில் செல்ஃபி கேட்டார்கள்.

கடைசியாக இவர்களிடம் வந்தார்.

"நீங்க எந்த ஓட்டல்ல வேலை பாக்குறீங்கம்மா?"

"ஓட்டல் இல்ல சார். ஹெட்லைட் கம்பெனி."

"எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல சார். சந்தேகமாத்தான் இருந்துச்சு. இல்லன்னா என்ன செய்யதுன்னு பயந்துக்கிட்டுத்தான் கத்துனேன்."

"இன்னொரு நாள் வாங்க. ரெண்டு பேரும். நானே சமைக்கிறேன்."

"கல்லு வேணாம் சார்" என்றாள் எழிலரசி. அவர் சிரித்தாரா, வெட்கப்பட்டாரா என்று சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது அந்தக் கொரியாக்காரக் குழந்தையின் தாய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று மாரிசெல்வி ஒதுங்கினாள். அவளோ இவள் கையைப் பிடித்து, விரலிடுக்கில் காய்ந்திருந்த பச்சைக் குழம்பை ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே எதையோ சொன்னாள், நீளமாக. கண் கலங்கியிருந்தது.

"பரவால்லக்கா" என்றாள் மாரிசெல்வி.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாப்பில் மாரிசெல்வி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"இன்னாத்துக்குடி இப்போ இப்டி நடந்துக்கினே கீற? எல்லாந்தான் முடிஞ்சிபோச்சே."

"தெரியலட்டி. பயமும் இல்ல. என்னமோ செய்யுது."

"பசி" என்றாள் எழிலரசி.

"அதா இருக்குமோ?"

எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். எழிலரசி சாலையைக் கடந்து போய், இரண்டு பழத்தை நாலாகக் கீறி மிளகாய்த்தூள் தூவி வாங்கி வந்தாள். மாரிசெல்வி ஒரு துண்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொய்யாதான்டி. துன்னு."

அவள் கடித்தாள். உறைத்தது. கம்பெனி பஸ் ஒன்று நிற்காமல் போனது. நிற்கிற பஸ் வருவதற்குள் இரண்டு பேரும் விதைகூட விடாமல் தின்று முடித்தார்கள்.