ஆழ்வாப்பிள்ளையின் வலக்கை

"அப்பப்பா செத்தாப் பிறகு எப்ப கோட்டு வாங்கினவர்?"

சண்டிலிப்பாயில், ஆழ்வாப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சனம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, அவருடைய பேத்தி கீர்த்திகா இதைக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. கையில் அன்று காலை அச்சகத்திலிருந்து வந்த நினைவு மலர் இருந்தது. கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. எழுபத்தெட்டு வயது வரை புகையிலைத் தோட்டத்தில் இடுப்பில் சாரத்தோடு மட்டும் திரிந்த மனிதர், மலரின் அட்டையில் கடல்நீலக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்து, கன்னங்கரிய தலைமயிரோடு ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்றார். கரவெட்டியிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் அது யார் என்று பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாக விசாரித்தார்.

மகன் பரமலிங்கத்திடம் இருந்தது தகப்பனின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். ஸ்ரூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, தலையைக் கறுப்பாக்கி, கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் போடுகிற கோட்டையே இவருக்கும் போட்டுவிட்டார். வெறும் மேலோடு விட்டால் சனம் குறைவாக நினைக்கும் என்று பரமலிங்கமும் தலையாட்டியிருந்தார். அடையாள அட்டையைக் கிராம சேவகரிடம் ஒப்படைத்த பிறகு, ஆழ்வாப்பிள்ளை இந்த உலகத்தில் கோட்டோடு மட்டுமே மிஞ்சினார்.

சுவரில் மாட்டிய பெரிய படத்துக்குக் கீர்த்திகா 'கோட்டு மாமா' என்று பெயர் வைத்தாள். பூ வைக்கச் சொன்னால், அப்பப்பாவின் படம் வந்ததும் வைக்கிறேன் என்றாள். தாய் பராசக்தி உறுக்கிப் பார்த்தாள், பயனில்லை. பரமலிங்கத்தின் நிலைமை அதைவிட மோசம். தகப்பனார் கனவில் வந்தார். கோட்டோடு வந்தார். கோட்டோடே புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தார். கோட்டு நனைந்து பாரமாகி, அவர் குனிய முடியாமல் நின்றார். கண்விழித்து, தகப்பனின் பழைய உருவத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டிதான் முன்னால் வந்து விழுந்தது. இன்னும் ஆறு மாதம் போனால் அப்புவின் முகமே தனக்கு மறந்துபோகும் என்று அவர் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டில் ஐரிஸ் இருந்தார். ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் ஷரோன் நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய தடித்த தாள் கொப்பியில், நிறம் பூசி, கடதாசி கிழித்து ஒட்டி, நாளுக்கு ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தார். மழை பெய்தால் மழைப் பக்கம், வேதத்தில் சங்கீதம் வாசித்தால் அதற்கொரு பக்கம். ஊரில் அதற்கு 'ஒட்டுக் கொப்பி' என்று பெயர். கடதாசிக்குப் பஞ்சமில்லை. முன்பக்கத்தில் தேவாரம் இருப்பதால் குப்பையில் போட மனம் வராத நினைவு மலர்களை அயலார் எல்லாரும் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐரிஸும் தேவாரப் பக்கங்களைக் கவனமாக எடுத்து அலுமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார். முகங்களை வெட்டுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டமும் வைத்திருந்தார். நீர்வீழ்ச்சிகளை மட்டும் தாராளமாக வெட்டினார்.

அன்று அவருக்கு ஒரு கடல் தேவைப்பட்டது. ஆழ்வாப்பிள்ளையின் கோட்டு நல்ல கடல்நீலம். கழுத்தோடு வெட்டி எடுத்து, அலை அலையாகக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பரமலிங்கம் ஒரு பை கத்தரிக்காயோடு வாசலில் வந்து நின்றார். மேசை நடுவே அவருடைய தகப்பனின் தலை தனியாகக் கிடந்தது.

"அக்கா, உது அப்புவின்ரை தலையெல்லோ."

ஐரிஸுக்குக் கத்தரிக்கோல் கையை விட்டுப் போக மறுத்தது. "ஓம் தம்பி. முகத்திலை நான் கத்தரி வைக்கேல்லை. கோட்டை மட்டுந்தான் எடுத்தனான்." சொல்லி முடித்ததும்தான் அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று விளங்கியது.

பரமலிங்கம் கத்தரிக்காயைக் கதிரையில் வைத்தார். தலையை உள்ளங்கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். ஐரிஸ் மனத்துக்குள் ஜெபம் தொடங்கி, எந்தப் பாவத்துக்கு என்று சொல்லத் தெரியாமல் நிறுத்தினார்.

"இப்பதான் அப்பு மாதிரிக் கிடக்கு," என்றார் பரமலிங்கம்.

பிறகு கனவையும் சொன்னார், கீர்த்திகா பூ வைக்காததையும் சொன்னார். சனிக்கிழமை மாதத் திதி, அதற்குள் இந்தத் தலைக்குப் பொருத்தமான உடம்பொன்று செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரிய தாள் ஒன்றை எடுத்து விரித்ததுதான் ஐரிஸின் பதில்.

ஐரிஸ் வீட்டில் இரண்டு நாள் வேலை நடந்தது. தோட்டத்துச் செம்மண்ணை அரித்துப் பசையில் குழைத்துத் தாள் முழுவதும் பூசினார்கள். கறுப்புத் தலைக்கு ஐரிஸ் மெல்லிய தூரிகையால் நரை வைத்தார். மார்புக்குச் சீமெந்துப் பைக் கடதாசி நல்ல நிறமாக அமைந்தது. பரமலிங்கம் தகப்பனின் புதுச் சாரத்தை வெட்டக் கொண்டுவந்தார். மாமா அதை ஒருநாளும் உடுக்கவில்லை, உடுக்காததை உடுத்திவிட்டுத்தானே இவ்வளவு கரைச்சல் என்று பராசக்தி அதைப் பறித்துப்போய், சுருட்டு நெருப்புப் பட்டுத் துளை விழுந்த பழஞ்சாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். துளை வெளியே தெரியும்படி ஒட்டினார்கள். எட்ட நின்று பார்த்த பராசக்தி, மாமா உவ்வளவு நெஞ்சு நிமிர்த்தி நின்றதில்லை என்றாள். சீமெந்துக் கடதாசியைக் கசக்கிக் கொஞ்சம் கூன வைத்தார்கள். காலடியில் காய்ந்த புகையிலைத் துண்டுகள் ஒட்டியதும் வீடு முழுக்க ஆழ்வாப்பிள்ளையின் மணம் பரவியது. பரமலிங்கம் எழுந்து வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கீர்த்திகாவைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பப்பாதான். ஆனால் கை எங்கை?"

கையே வைக்கவில்லை என்பது பெரியவர்கள் மூவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"சுருட்டுப் பிடிக்கிற கை வேணும்," என்றாள் கீர்த்திகா. "மற்றக் கையாலை முதுகு சொறியிறார் எண்டு விடலாம். சுருட்டுக் கை இல்லாட்டி நான் பூ வைக்கமாட்டன்."

ஐரிஸ் ஒரு கை வரைந்தார். கீர்த்திகா அதை வாழைப்பழச் சீப்பு என்றாள். மலர்களில் தேடினார்கள். முப்பத்தாறு மலர்களில் ஒரு கைகூட இல்லை. ஊரில் இறந்தவர்கள் எல்லாரும் மார்போடு நின்றுவிட்டார்கள். பத்திரிகையில் இருந்த கைகள் எல்லாம் வாக்குக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. சீமெந்து விளம்பரத்தில் பெருவிரலைத் தூக்கிக் காட்டிய கையொன்றை வைத்துப் பார்த்தார்கள். ஆழ்வாப்பிள்ளை சீமெந்து விற்க நின்றார். பராசக்திக்குச் சிரிப்பு வந்து, மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மதியமானதும் திதிச் சமையலுக்கு மரக்கறி வாங்கப் பரமலிங்கம் வீட்டார் மூவரும் சந்தைக்குப் போனார்கள். கை இல்லாமலே மாட்டலாம், பிள்ளையைச் சமாளிக்கலாம் என்றார் பரமலிங்கம். அவர் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

ஐரிஸ் தனியே அந்தத் தாளின் முன்னால் இருந்தார். அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கணவர் ஹெக்டர் பாரிசவாதத்தில் விழுந்து கிடந்த எட்டு மாதமும், காலையில் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஆழ்வாப்பிள்ளை உள்ளே வந்து ஹெக்டரைத் தூக்கிக் கதிரையில் இருத்துவார். பின்னேரம் திரும்பும்போது தூக்கிக் கட்டிலில் கிடத்துவார். ஒருநாளும் தவறவில்லை. தன் வீட்டிலும் சொல்லவில்லை. ஐரிஸ் நன்றி சொல்லத் தொடங்கினால், "வாத்தியார் பாரமில்லை" என்றுவிட்டுப் போய்விடுவார்.

உள்ளறைச் சுவரில் ஹெக்டரின் படம் இருந்தது. கரும்பலகைக்கு முன்னால், வலக்கை விரல்களுக்கிடையில் வெண்கட்டி பிடித்தபடி நின்றார். இடம்பெயர்ந்த காலத்தில் தப்பியது அந்த ஒரு படந்தான்; பிலிம் எப்போதோ தொலைந்துவிட்டது. ஐரிஸ் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரவுண் ஸ்ரூடியோவுக்குப் போய் நகல் எடுத்து ஒட்டலாமே என்று ஒரு நினைவு வந்தது. தூக்கியவர் நகல் கையால் தூக்கவில்லையே என்று இன்னொரு நினைவு அதன் பின்னால் வந்தது.

கத்தரிக்கோலைத் துடைத்தார். மணிக்கட்டோடு வெட்டி எடுத்தார். தேயிலைச் சாயத்தில் பஞ்சை நனைத்து அந்தக் கையை வெயில் பட்ட நிறமாக்கினார். வெண்கட்டி இருந்த இடத்தில் புகையிலைத் துணுக்கொன்றைச் சுருட்டிச் செருகினார். ஹெக்டர், புகை தொடுவதில்லை என்று இளவயதிலேயே சபையில் எழுதிக்கொடுத்தவர். எதிரே சுருட்டு வந்தால் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடப்பவர்.

"இஞ்சாருங்கோ," என்றார் ஐரிஸ் படத்திலிருந்த ஹெக்டரிடம். "கொஞ்சம் பிடியுங்கோ."

மறுநாள் கீர்த்திகா அந்தக் கையைப் பார்த்ததும் செம்பருத்தி பறிக்க ஓடினாள். பரமலிங்கம் கோட்டுப் படத்தைக் கழற்றிச் சீலையில் சுற்றிப் பரணில் வைத்தார். கை எங்கிருந்து வந்தது என்று பராசக்தி கேட்டதற்கு, பழைய படம் ஒன்றில் இருந்தது என்று ஐரிஸ் உண்மையையே சொன்னார். அதெல்லாம் மறுநாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. தடித்த படத்தாள் ஓரம் கிளம்பாமல் ஒட்டுவதற்கு நேரம் எடுக்கும். ஐரிஸ் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, பசை காயும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.