பக்கத்துக்கு இரண்டு சொல்

புத்தகம் வெளிவந்த ஒன்பதாம் மாதம், அதன் ஐந்தாம் பக்கத்திலிருந்த நீர்நாய்க் குட்டிக்குப் பல் முளைத்தது. ஒரு பிரதியில் மட்டுமல்ல. விற்றவை, விற்காதவை, நூலகத்தில் இருந்தவை, குழந்தைகள் கடித்துப் போட்டவை என எல்லாப் பிரதிகளிலும் ஒரே வாரத்தில் முளைத்தது. முதலில் கவனித்தவள் அதை எழுதியவள்தான். அவள் அந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். விலங்கு, பறவை, மரம் இவற்றைப் பற்றி மட்டுமே நூல் போடும் பதிப்பகம் அது. பேச்சு வராத குழந்தைக்குத் தடித்த அட்டையில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் படத்தோடு, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அடிக்குறிப்போடு, கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் என்று ஒரே யானையை நாலு விதமாக விற்பதில் முதலாளிக்குப் பெருமை. விடுபட்ட ஒற்றெழுத்தை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அச்சகம்வரைக்கும் அவளுக்கு 'ஒற்று அக்கா' என்றுதான் பேர். அவள் சொந்தமாக எழுதியது அந்த ஒரு புத்தகம்தான். அதையும் மகளுக்காக எழுதினாள்.

மகளுக்கு அப்போது நாலு வயது, பேச்சு இல்லை. உடம்பு வளரும், மற்றதெல்லாம் மூன்று வயதோடு நின்றுவிடும் என்று மருத்துவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் பக்கத்துக்கு இரண்டு சொல், மொத்தம் பதினாறு பக்கம். குட்டி நீந்தும். குட்டி உருளும். குட்டி தூங்கும். நூறாவது தடவையோ நூற்றைம்பதாவது தடவையோ வாசித்துக் காட்டியபோது மகள் படத்தில் விரலை வைத்து, "குட்டி" என்றாள். அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல். பம்பு மெக்கானிக்கான அப்பா கிரீஸ் கையோடு ஓடிவந்து மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் வருடம் குட்டி தாயை விட்டுத் தனியாக மீன் பிடிக்கப் போயிற்று. பக்கத்துக்கு இரண்டாக இருந்த சொற்கள் ஒன்பதாயின, எழுத்து அதற்கேற்பச் சிறுத்தது. பெற்றோர்கள் கடிதம் போட்டார்கள். முதலாளி அச்சகத்தைத் திட்டிப் பார்த்தார். பிறகு அட்டையில் 'மூன்று வயதுக்கு மேல்' என்றிருந்ததன் மேல் 'எட்டு வயதுக்கு மேல்' என்று சீட்டு ஒட்டச் சொன்னார். "இப்படியே போனா ரெண்டு வருஷத்துல காலேஜ்ல பாடமா வெச்சுருவாங்க" என்று விளையாட்டாகச் சொன்னார். அப்படியே நடந்தது. நாலாம் வருடம் நீர்நாய் ஜோடி சேர்ந்தது, வலையில் சிக்கித் தப்பியது. அதன் ஆற்றில் தண்ணீர் வரும் பக்கம் ஓர் ஆலை எழுந்தது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள் முளைத்தன. ஒற்று அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தாள். ஒரு பிழைகூட இல்லை. தான் எழுதாத வரிகளில் தனக்குத் திருத்த ஒன்றுமே இல்லாமல் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். ஊர் நூலகர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் அதை மழலையர் அடுக்கிலிருந்து மாணவர் அடுக்குக்கும், அங்கிருந்து ஆய்வு நூல்களுக்கும் மாற்றினார்.

வீட்டில்தான் சிக்கல். மகள் பதினாறு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "குட்டி எங்க?" என்பாள்.

"இதான் பாப்பா. வளந்துருச்சு."

"குட்டி எங்க?"

பொடி எழுத்து அவளுக்கு எறும்பு. பெரிய நீர்நாய் யாரோ அந்நியர். ஒற்று அக்கா பழைய அட்டைகளை வெட்டித் தன் கையாலேயே குட்டியை வரைந்து, பழைய இரண்டு சொற்களை எழுதிக் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அதுவும் வளர்ந்து அச்சடித்ததன் வயதுக்கு வந்துவிட்டது. மறுபடி வரைந்தாள். மூன்று வருடம் வெள்ளிக்கிழமைதோறும் வரைந்தாள். தெருப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அச்சடித்த மிருகம்கூட வளர்ந்தது, பாவாடை மட்டும் நீண்டுகொண்டே போன தன் மகள் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "விடு, அதுவும் வளர வேணாமா" என்று கணவர் ஒருநாள் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் கத்தரிக்கோலை எடுத்து மேலடுக்கில் வைத்தாள். அதன் பிறகு வரையவில்லை.

ஒன்பதாம் வருடம் புத்தகத்தில் ஆறு வற்றத் தொடங்கியது. நீர்நாய்க்கு விலா தெரிந்தது. அவள் முதலாளியிடம் போய், திருத்திய பதிப்பு ஒன்று போடலாம், விடாமல் கொட்டுகிற மழையாக ஓர் அத்தியாயம் எழுதித் தருகிறேன் என்றாள். வேலைக்குச் சேர்ந்த பதினேழு வருடத்தில் அவள் கேட்ட முதல் உதவி என்பதால் அவர் மறுக்கவில்லை. ஐந்நூறு பிரதி அச்சானது. கடைகளுக்குப் போன கட்டுகளைப் பிரித்தபோது உள்ளே எல்லாம் நனைந்து உப்பியிருந்தன, தரையெல்லாம் தண்ணீர், பக்கங்களைப் பிரிக்க முடியாமல் பூஞ்சை பிடித்தது. காயவைத்துப் பார்த்தால் மழை அத்தியாயம் அப்படியே இருந்தது. ஆற்றில் மட்டும் தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

"நீயும் என்னதான் பண்ணுவ. எழுதுன மழை எழுதுன இடத்துலதான் பெய்யும்" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு நீர்நாய்க்கு மூப்பு வந்தது. அடிக்குறிப்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, வரிகள் குறைந்தன, எழுத்து வருடத்துக்கு வருடம் பெருத்தது. நூலகர் அதை முதியோருக்கான பெரிய எழுத்து நூல்களோடு வைத்தார். முதியோர் விரும்பி எடுத்துப் போனார்கள். கணவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து ஸ்பானர் பிடிக்க முடியாமல் போனது அந்த வருடம்தான். நமக்கப்புறம் இவளை யார் பார்ப்பார்கள் என்பதை இருவரும் சொல்லாமல் நினைத்துக்கொண்டார்கள். சொன்னால் பதில் வேண்டியிருக்கும்.

பதின்மூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, மகளைக் கூட்டிக்கொண்டு ஒற்று அக்கா நூலகத்துக்குப் போயிருந்தாள். புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது. மறுபடி பக்கத்துக்கு இரண்டே சொல். பதினேழு வயது மகள், அம்மா வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தபடி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "நீர்நாய் ப-டு-க்-கும்." புரட்டினாள். "நீர்நாய் இருமும்." கடைசிப் பக்கத்தில் நரைத்த மீசையோடு வெடித்த சேற்றில் கிடந்ததை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"குட்டி" என்றாள். "தூங்குது."

"ஆமா பாப்பா, தூங்குது" என்றாள் அம்மா. நூலகர் ஜன்னலைச் சாத்தப் போவதுபோல எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

வியாழக்கிழமை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீர்நாய் போய்விட்டது. மகள் அட்டைக்குப் பின்னால் பார்த்தாள், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அம்மாவின் கைப்பையைக் கொட்டிப் பார்த்தாள். ஏழு வாரம் தேடினாள். எட்டாம் வாரம் தேடவில்லை, கேட்கவும் இல்லை. தேடாமல் விட்ட அந்த நாள்தான் அம்மாவால் தாங்க முடியாத நாளாக இருந்தது.

விலங்கு இல்லாத புத்தகத்தை விலங்கு அடுக்கில் வைக்க விதி இடம்தராது என்று நூலகர் அதை ஆறுகள் பகுதிக்கு மாற்றினார். கோடையில் மிச்சத் தண்ணீரும் போனபின் முதுகில் வேறு எண் ஒட்டி, மண் வகைகள் இருக்கும் கீழ் அடுக்கில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் தாயும் மகளும் வந்து தரையில் உட்கார்கிறார்கள். இப்போது பக்கத்துக்கு ஒரே சொல். "மணல்" என்று மகள் வாசிக்கிறாள், புரட்டுகிறாள், "மணல்" என்கிறாள். பதினாறு பக்கமும் முடிய நாலு நிமிடம் ஆகிறது. பிறகு அம்மா புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி அடுக்கில் செருகுகிறாள். தரையில் கொட்டியதை நூலகர் மதியம் கூட்டிக்கொள்கிறார்.