நூறு சொல்லுக்குள் தூங்கியவள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டன்வாரா என்ற சிற்றூரின் நூலகத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஊர்ப் பத்திரிகையில் வரும் நூறு சொல் கதையை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே அபிப்பிராயம் சொல்வார்கள். லிண்ட்சே அங்கே வருவது கதைக்காக அல்ல. மனைவி நோலா இறந்ததிலிருந்து, பேச்சுக்குரல் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிற மனிதர் அவர்.

அன்றைய கதை கிளெனிஸ் எழுதியது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். வெர்னா வாசித்தாள். சனிக்கிழமை மதியம் ஒரு கிழவனும் கிழவியும் டிவியில் கால்பந்து பார்க்கிறார்கள். அவளுக்குக் கண் மூடுகிறது. தூக்கம் கலையக்கூடாதென்று அவன் சத்தத்தை நிறுத்துகிறான். ஆட்டம் முடிகிறது. "ஜெயிச்சுட்டோம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போர்வை எடுக்கப் போகிறான். அவ்வளவுதான் கதை.

"அடியேய், எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் வெர்னா. "எங்க வீட்டுக்காரரும் இருந்தாரே! நான் செத்துக் கிடந்தாலும் தாண்டிப் போய் பீர் எடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். லிண்ட்சே மட்டும் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"அவ தூங்கல," என்றார்.

"பாருங்கடா! மூணு வருஷமா வாயே திறக்காத மனுஷன் இன்னைக்கு விமர்சனம் பண்றாரு."

"தூங்கல வெர்னா. நோலா அப்படித்தான் போனா."

சிரிப்பு அறுந்தது. அவர் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். டிவிக்காரர்களின் வர்ணனை அவருக்கு ஆகாது. அந்தப் பக்கத்து ஆண்கள் பலரையும் போல, டிவியில் படத்தை மட்டும் ஓடவிட்டு வர்ணனையை ரேடியோவில் கேட்பார். நோலாவுக்கு இரைச்சல் பிடிக்காதென்று இரண்டு காதிலும் இயர்போன். ஆட்டத்தின் கடைசிப் பகுதி முழுக்க அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். முடிந்ததும் திரும்பி, ஜெயித்துவிட்டோம் என்றார். போர்வை கொண்டுவந்து போர்த்தினார். அவள் கையை உள்ளே எடுத்து வைக்கும்போதுதான் தெரிந்தது.

"அவ போகும்போது நான் தோட்டத்துல இருந்தேன்னு ஊருக்குச் சொன்னேன். எம் பொண்ணுகிட்டயும் அதையேதான் சொன்னேன்." கிளெனிஸை நிமிர்ந்து பார்த்தார். "உன் கதையில அவ கூப்பிட்டாளாம்மா?"

கிளெனிஸின் முகம் வெளிறிவிட்டது. "எங்கம்மா தூங்குறதப் பார்த்து எழுதினேன், லிண்ட்சே. அவங்க சும்மா தூங்குறாங்க. உங்களுக்கு இப்படின்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தப்பா எழுதிட்டேன்னு சொல்லல. கூப்பிட்டாளான்னுதான் கேக்குறேன்."

வெர்னா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவள் குரலில் அந்தக் கேலி இல்லை.

"ஏம்ப்பா, நீ காதுல அத மாட்டிக்கிட்டு இருக்கும்போது நோலா எப்படிக் கூப்பிடுவா?"

லிண்ட்சே யோசித்தார். மூன்று வருடத்தில் இந்தக் கேள்வி அவருக்கே தோன்றியதில்லை.

"கூப்பிடமாட்டா. கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும்." தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "காலால ஒரு உதை விடுவா. முழங்காலுக்குக் கீழ, எலும்புலயே விழும். டீ போடணும்னாலும் உதை, வாசல்ல ஆள் வந்தாலும் உதை."

"அன்னைக்கு?"

"உதைக்கல."

அவர் மூச்சு நீளமாக வெளியே வந்தது. பிறகு, "காலத் தூக்க முடியாமப் போச்சோ என்னவோ," என்றார்.

வெர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்து, கோட்டுப் பையில் போனைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டே?"

"வெளிய. எம் பொண்ணுகிட்டப் பேசணும். அன்னைக்கு நான் தோட்டத்துல இல்லன்னு சொல்லணும்."