பங்களாவின் முன்பக்கம்

மனித குலத்தின் கட்டடக்கலை வரலாற்றை எழுதப்போகும் அறிஞர்களின் மேலான கவனத்துக்கு: பிரமிடுகளைப் பற்றியும் தஞ்சாவூர்க் கோபுரத்தைப் பற்றியும் எழுதி முடித்த பிறகு தாளில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே புக்கிட் காபுட் தேயிலைத் தோட்டத்தில் எழுபத்தாறாம் ஆண்டு எழுப்பப்பட்ட மாளிகையைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு தூண்கள், ஒரு புகைக்கூண்டு, சிவப்பும் வெள்ளையுமாகச் சுவர்கள். நீளம் ஒரு முழம், உயரம் ஒரு சாண்.

இந்த மாளிகைக்கான அறிவிப்பை, தோட்ட ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி தங்கராஜு காலைப் பெரட்டில் வெளியிட்டார். முதுகில் கூடையும் தலையில் பிளாஸ்டிக் விரிப்புமாக வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்கள் தூறலில் நின்றுகொண்டிருந்தார்கள். கிராணியார் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். "நமது பெருமதிப்பிற்குரிய துரை அவர்கள் தாயகம் திரும்பவிருக்கின்ற, வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தத் தருணத்திலே," என்று ஆரம்பித்து, அந்தத் தருணத்திலிருந்து வெளியே வரமுடியாமல் சிறிது நேரம் உள்ளேயே சுற்றினார்.

"கிராணியாரே, மழ வலுக்குது லா," என்றாள் முன்வரிசையில் நின்ற செல்லம். "துரை போறாரு, அது தெரியும். அப்புறம் என்ன?"

அப்புறம் இதுதான்: இதற்கு முன் போன துரைகளுக்குச் சுவர்க் கடிகாரமும் வெள்ளித் தட்டும் கொடுத்தாயிற்று. இந்த முறை உலகம் காணாத பரிசு. துரை வாழ்ந்த பங்களாவையே சின்னதாகக் கட்டிக் கையில் கொடுத்துக் கப்பலேற்றுவது. அதற்கான கல், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கிடக்கும் பிளாஸ்டிக் கல். தலைமைச் சிற்பி, லோரி டிரைவர் வீரப்பன்.

லோரியின் சக்கரத்துக்குக் கீழே குந்தியிருந்த வீரப்பன், தன் பெயர் காதில் விழுந்ததும் எழுந்து, மட்கார்டில் தலையை இடித்துக்கொண்டான்.

அந்தக் கல் வந்த கதை சின்னது. துரையின் பிள்ளைகள் வளர்ந்து சீமைக்குப் படிக்கப் போனபின், துரைசாணி ஒரு பெட்டி நிறைய பொம்மைச் செங்கல்லைக் கொட்டகைக்கு அனுப்பிவைத்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும் ரகம். கொட்டகை ஆயாவான ரஞ்சிதத்துக்கு அது சாமி கொடுத்த வரம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் விடியுமுன்பே தூக்கக் கலக்கத்தோடு விட்டுப்போகும் பிள்ளைகள் முன்பெல்லாம் ஒன்று அழ ஆரம்பித்தால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். கல் வந்தபிறகு அழுகை நின்றது. தகரக் கூரை ஒழுகும் இடத்தில் வைத்த ஈயச்சட்டியில் சொட்டு விழும் சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு நின்றது.

ரஞ்சிதத்தின் புருஷன்தான் வீரப்பன். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வருகிறவன், அவள் கூட்டிப் பெருக்கி முடிக்கும்வரை பிள்ளைகளின் குட்டைப் பலகையில் உட்கார்ந்து சும்மா ஒரு கல்லைத் தொட்டான். பிறகு வீட்டுக்குப் போக மறந்தான். முதலில் தன் லோரியைக் கட்டினான். பெட்டியில் சக்கரம் நாலுதான் இருந்தது, லோரிக்கு ஆறு வேண்டும். டிஸ்பென்சரியில் ஊசிமருந்துப் புட்டிகளின் ரப்பர் மூடியைக் கேட்டு வாங்கிப் பின்சக்கரமாக்கினான். நசுங்கிய மட்கார்டு நசுங்கியபடியே வந்தது. அப்புறம் தேயிலை ஸ்டோர். அப்புறம் தானா ராத்தா பஸ் ஸ்டேஷன், பஸ்ஸோடு. எதைக் கட்டினாலும் மறுநாள் காலையில் பிள்ளைகள் பிரித்துவிடும். அதைப்பற்றி அவனுக்கு வருத்தமே இல்லை. பிரிக்காவிட்டால் நாளைக்குக் கட்டக் கல்லுக்கு எங்கே போவது?

பெரட்டு நடந்த அன்று மாலை ரஞ்சிதம் தட்டை வைத்தபடி சொன்னாள்: "தலைமைச் சிற்பியாம்ல. சிற்பிக்குச் சோறு போடவா, படையல் வைக்கவா?"

"பெரட்டுல எல்லார் முன்னாடியும் பேரச் சொல்லிட்டாரு புள்ள. நான் என்ன செய்ய?"

"பேரச் சொன்னாப் போதுமே உங்களுக்கு. அந்தக் கல்லு துரைசாணி நம்ம பிள்ளைங்களுக்குக் குடுத்தது. அதையே ரிப்பன் கட்டி அவங்களுக்கே குடுக்கிறதா? கல்யாண வீட்ல சாப்பிட்டுட்டு அவங்க எலையவே மொய்யா வச்ச மாதிரி."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"கப்பல் ஏறிப் போச்சுன்னா திரும்பி வருமா? அழுவுற பிள்ளைக்கு நான் எதக் குடுப்பேன்? உங்க கிராணியாரு கொடையவா? அந்தக் கல்லு எனக்குத் திரும்பி வரணும். எப்படின்னு நீங்க பாத்துக்குங்க."

"கொண்டாந்துர்றேன்," என்றான். எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை.

ஆபீஸ் வராந்தாவில் வேலை ஆரம்பமானது. வீரப்பன் பங்களாவின் பின்பக்கத்திலிருந்து தொடங்கினான். அடுப்படிக் கதவு, விறகுக் கொட்டில், தண்ணீர்க் குழாய், துவைக்கிற கல், அழுக்குத் தண்ணீர் போகும் கால்வாய் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தன. பக்கச் சுவர் இரண்டையும், குறுக்கே ஓடும் கறுப்பு மரச்சட்டத்துக்குப் பதில் நீலக் கல் வைத்து முடித்தான். பெட்டியில் கறுப்புக் கல் இல்லை. கூரை ஏறியது, புகைக்கூண்டு நின்றது. அதற்குமேல் கை ஓடவில்லை.

"முன்னால எத்தன ஜன்னல், கிராணியாரே?"

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன், நீ பார்த்ததில்லையா?"

"நான் வெறகு லோரி. பின்வாசலோட சரி."

தோட்டக்காரன் மாடசாமியைக் கூப்பிட்டார்கள். பங்களா முன்னால்தான் அவனுக்கு நாள் முழுவதும் வேலை.

"ரோசாப் பாத்தி, டேலியாப் பாத்தி, நடுவுல நீலப் பூ," என்று மாடசாமி கையால் காற்றில் கோடு போட்டான். "ஓரத்துல கல்லு பதிச்சிருக்கு."

"வீடு, வீடு. வீட்டைச் சொல்லுய்யா."

"வீட்ட யாரு பாத்தா? குனிஞ்சு கள எடுக்கிறேன். நிமுந்தா ஜன்னல்ல துரைசாணி நிப்பாங்க. நிமுந்து பாக்கச் சொல்றீங்களா?"

முன்வாசலுக்குப் போகக்கூடாது என்று எங்கும் பலகை கிடையாது. யாரும் தடுத்ததும் கிடையாது. சைப்ரஸ் மரங்கள் தொடங்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே வந்ததும் தோட்டத்து ஆட்களின் கால் தானாகப் பின்பக்கம் திரும்பிவிடும். அப்பன் கால் அப்படித் திரும்பியது, மகன் காலும் திரும்பியது. அதைப் பற்றி ஒருவரும் யோசித்ததில்லை. இப்போது மூவரும் சேர்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

"நீங்க சொல்லுங்க கிராணியாரே," என்றான் வீரப்பன் வெள்ளந்தியாக. "நீங்கதான் துரைகூட ஹால்ல உக்காந்து டீ குடிப்பீங்களே."

இந்த ஹாலைப் பற்றி ரிங்லெட் டீக்கடைகளில் கிராணியார் பலமுறை பேசியிருக்கிறார். கம்பளத்தின் நிறத்தைக்கூடச் சொல்லியிருக்கிறார். இப்போது குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. எடுத்து மறுபடி சாய்த்தார்.

"அது... பின்பக்கத்து ஹால்," என்றார்.

மாடசாமி தரையைப் பார்த்துக்கொண்டான். வீரப்பன் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துத் துடைத்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் விட அவர்களுக்கும் தெரியும்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று ரஞ்சிதம் கேட்டனுப்பினாள். போனால் எதற்கு வந்தாய் என்று துரை கேட்பார், சொன்னால் ரகசியம் உடைந்துவிடும் என்றார் கிராணியார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூவரும் எதிர்மலைத் தேயிலைக்குள் ஏறி நின்று பார்த்தார்கள். சைப்ரஸ் மரங்கள் தெரிந்தன. மரத்துக்கு மேலே புகைக்கூண்டு தெரிந்தது. பிறகு மூடுபனி வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனது.

"தூண் வை," என்றார் கிராணியார், பனியைப் பார்த்தபடியே. "ஈப்போ ரயில் ஸ்டேஷன் மாதிரி. நாலு தூண்."

"இந்தச் சின்ன வீட்டுக்கா?" என்றான் வீரப்பன்.

"பெரிய மனிதர் வீடு. தாங்க வேண்டாமா?"

"எதத் தாங்க?" என்றான் மாடசாமி. கிராணியார் மலையிறங்க ஆரம்பித்தார்.

தூண்கள் எழுந்தன. பொய்யாகக் கட்டினாலும் வீரப்பன் கை பொய்யாகக் கட்டாது, அழகாகத்தான் இருந்தது. மறுநாள் கிராணியார் ஒரு டின் பசையோடு வந்தார். இரும்பையே ஒட்டும் பசை. கப்பலில் ஆடினாலும் ஒரு கல் அசையக்கூடாது, எல்லாவற்றையும் ஒட்டிவிடு என்று உத்தரவு.

அன்று மாளிகையும் பசை டின்னும் லயத்து வீட்டுக்கு வந்தன. ரஞ்சிதம் டின்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.  வீரப்பனுக்கு அந்தப் பார்வை போதும். டின்னை எடுத்துப்போய் லோரி சீட்டுக்கு அடியில் தள்ளினான். திரும்பிவந்து, வடித்துவைத்த கஞ்சியில் துணியை நனைத்துச் சுவர்களுக்குப் பூசினான். காய்ந்ததும் பளபளவென்று பசை போட்டதுபோலவே இருந்தது.

"ஒட்டலன்னா மட்டும் கப்பல்லேர்ந்து எறங்கி வந்துருமா?" என்றாள்.

"ஒட்டாம இருந்தா ஏதாவது வழி இருக்கும் புள்ள. ஒட்டிட்டா இல்ல."

அவள் அவன் தலையில், மட்கார்டு இடித்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாளிகையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கவனித்தாள். "பொழுதன்னிக்கும் இங்க துணி தொங்குமே, எங்க?" பழைய சேலையின் ஓரத்தைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, இரண்டு ஈர்க்குச்சிக்கு நடுவே நூல் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள்.

காலையில் கிராணியார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நன்றாகப் பிடித்திருக்கிறது," என்றார்.

பிரிவு உபசாரம் தேயிலை ஸ்டோர் வாசலில் நடந்தது. மாலைகள் காதை மறைக்க, நெட்டைத் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துரைசாணி. கிராணியாரின் உரை மீண்டும் வரலாற்றுச் சிறப்புமிக்க தருணத்துக்குள் போய், ஸ்டோர் சங்கு ஊதியதால் வெளியே வந்தது. ரிப்பனைத் துரை அவிழ்த்தார்.

முன்பக்கத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். தோட்டத்திலேயே கற்றுக்கொண்ட தமிழில், "இது ஈப்போ ஸ்டேஷன்?" என்றார்.

துரை தமாஷ் செய்வதாக நினைத்துக் கிராணியார் சிரித்தார். அவர் சிரித்ததால் வேலை மேய்க்கும் மண்டோர்களும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. மாளிகையைத் திருப்பினார். விறகுக் கொட்டிலையும் துவைக்கிற கல்லையும் கால்வாயையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எதையும் அடையாளம் கண்டுகொண்டதாக முகத்தில் தெரியவில்லை. தான் இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டின் பின்பக்கத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. துரைசாணியும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கவில்லை. அடுப்படி, சீனக் குக்கின் ராஜ்ஜியம்.

ஆக, தோட்டமே ஒன்றுகூடிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீடு, பாதி ஒரு தரப்பு பார்க்காதது, பாதி மறு தரப்பு பார்க்காதது, மிச்சம் ஈப்போ.

துரையின் விரல் கொடியில் தொங்கிய துணிகளில் நின்றது. முகம் தெளிந்தது. "ஆ. சின்ன துணி. பிள்ளைங்க துணி. இது ஆயாக் கொட்டகை. வருஷா வருஷம் புதுசு கேக்கிறீங்க. இப்படி வேணும்?"

எல்லாரும் கிராணியாரைப் பார்த்தார்கள். புதுக் கொட்டகை கேட்ட ஒவ்வொரு முறையும் "பரிசீலனையில் இருக்கிறது" என்று ரஞ்சிதத்தைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

"ஆமாம் துரை," என்றார் தங்கராஜு, மூச்சு விடாமல். "அதேதான் துரை. அதற்காகத்தான் துரை."

"நல்லது. இது கொட்டகையில வையுங்க. புது மேனேஜர் வந்து பாக்கணும், கட்டணும். நான் சொல்றேன்." அழுத்திச் சொல்வதற்காக ஒரு தூணைப் பிடித்தார். அது கையோடு வந்தது. கிராணியார் வீரப்பனைப் பார்த்தார். வீரப்பன் வானத்தைப் பார்த்தான். துரை பதறாமல் தூணைப் பழைய இடத்தில் வைத்து அழுத்தினார். 'டக்' என்றது.

அந்தச் சத்தத்தில்தான் துரைசாணிக்கு ஞாபகம் வந்தது. குனிந்து, படிக்கட்டில் இருந்த மஞ்சள் கல் ஒன்றை எடுத்தாள். அதன் மூலையில் பல் பட்ட தடம். துரையிடம் காட்டி என்னவோ சொன்னாள்.  சின்ன மகன் கடித்தது என்று துரை மொழிபெயர்த்தார். இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று துரைசாணி ரஞ்சிதத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அது போன மாசம் கொட்டகையில் கந்தசாமியின் மகள் கடித்த கடி. ரஞ்சிதம் தன் கையால்தான் அந்தக் கல்லை அவள் வாயிலிருந்து பிடுங்கினாள். "எடுத்துக்குங்கம்மா," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், மாளிகையை மடியில் வைத்துக்கொண்டு லோரியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் வீரப்பன் கேட்டான்: "ஏன் புள்ள, அந்தத் துணிய வேணும்னே தொங்கவிட்டியா?"

"தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல துணி தொங்காம வேற என்ன தொங்கும்? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

புது மேனேஜர் பார்வையிடும்வரை மாளிகையை யாரும் தொடக்கூடாது என்று கிராணியார் கொட்டகைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார், அந்த இரும்பு ஒட்டும் பசையால். கொட்டகையில் படிக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. மறுநாள் காலையில் கந்தசாமியின் மகள் முதல் தூணைப் பிடுங்கி வாயில் வைத்தாள். இன்னொருத்தி புகைக்கூண்டை எடுத்து ஈயச்சட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். சாயங்காலம் வீரப்பன் வந்து குட்டைப் பலகையில் உட்கார்ந்தபோது, கல் எல்லாம் சிதறிக் கிடந்தது. மஞ்சள் கல் ஒன்றைத் தவிர. அவன் லோரியைக் கட்ட ஆரம்பித்தான்.

புதுக் கொட்டகை கட்டப்படவில்லை.