மூன்று நாள் நடைக்கு நான்கு நாள்

ஐவி டீச்சருக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஈராண்டுகள் நிறைவுற்றிருந்தன. அந்த ஈராண்டுகளில், சாந்தோமில் தம் வீட்டிற்கு மூன்று தெரு தள்ளியிருந்த தேவாலயத்திற்குக்கூட அவர் நடந்து சென்றதில்லை. கணவர் விக்டர் அதற்கும் ஆட்டோவை அழைத்துவிடுவார். அன்பின் மிகுதியால்தான் அழைத்தார். எனினும், அறுபத்தொரு வயதுப் பெண்மணியைப் பார்சலைப் போல ஏற்றி இறக்கினால் அவருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

ஆதலால், பொங்கல் முடிந்த மறுவாரம் சாந்தோமிலிருந்து கோவளம் வரை கடலோரமாக நடந்தே செல்வதென்று ஐவி முடிவு செய்தார். மூன்று நாள் பயணம். அவசரமில்லை, தோன்றிய இடத்தில் உட்காரலாம். துணைக்குச் சரோஜாதேவி வந்தார். தியாகராய நகரில் ஜவுளிக்கடை நடத்தும் திருநெல்வேலிக் குடும்பத்தவர். அடையாற்றுப் பிசியோதெரபி நிலையத்தில், அடுத்தடுத்த கட்டில்களில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கியபோது இருவருக்கும் ஏற்பட்ட நட்பு அது.

விக்டர் ஒரேயொரு நிபந்தனை விதித்தார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அக்பர் பாஷாவின் ஆட்டோ உடன் செல்ல வேண்டும்.

“எப்போ முடியலையோ அப்போ ஏறிடு. ஆனா ஏறிட்டா வண்டி நேரா வீட்டுக்குத்தான். அப்புறம் நடக்கிற பேச்சே எடுக்கக் கூடாது.”

“ஏறமாட்டேன்,” என்றார் ஐவி. கணக்கு டீச்சராக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். சொன்ன விடையை மாற்றிப் பழக்கமில்லாதவர்.

அக்பர் பாஷா இருபத்திரண்டு ஆண்டுகளாக லஸ் கார்னரில் ஆட்டோ ஓட்டுபவர். வண்டி காலியாகச் செல்ல, சவாரி பக்கத்தில் நடந்துவரும் அநியாயத்தை அவர் அதுவரை கண்டதில்லை. பட்டினப்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்று முறை வண்டியை ஓரங்கட்டினார்.

“டீச்சரம்மா, ஸ்டேண்டுல எவனாவது பாத்தா என் மானம் போய்டும். ரெண்டு பேரு நடந்துக்கினு வர்றீங்க, நான் பெட்டிய சவாரி ஏத்திக்கினு போறேன். இன்னா இது?”

“நீங்க முன்னால போய் டீ குடிங்க பாஷா.”

“எத்தினி டீ தான் குடிக்கிறது?”

சரோஜாதேவி ஐவியின் காதருகே குனிந்தார். “நம்மளக் கடத்த வந்தவரு மாதிரில்லா பின்னாலயே வாராரு.”

திரு.வி.க. பாலத்தின் மேல், ஊர்ந்து வந்த ஆட்டோவைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தினார். “என்னம்மா, இவர் ஏதாவது தகராறு பண்றாரா?”

“இல்ல சார், இது எங்க ஆட்டோதான்.”

“அப்புறம் ஏன் நடக்கிறீங்க?”

“லீவுல வந்திருக்கோம் சார்,” என்றார் ஐவி. காவலர் அவர்களையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர், இதற்குச் சட்டத்தில் இடமுண்டு போலும் என்பதுபோல வழிவிட்டார்.

அடையாறு முகத்துவாரத்தில் சாம்பல் நிறக் கொக்குகள் சேற்றில் அசையாமல் நின்றன. பெசன்ட் நகர் வந்ததும் இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரமணலில் நடந்தனர். அலை வந்து கணுக்காலைத் தொட்டுச் சென்ற ஒவ்வொரு முறையும் சரோஜாதேவி சேலையைத் தூக்கிப் பிடித்தார். ஆறாவது முறைக்குப் பிறகு, நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டார். அன்றிரவு திருவான்மியூரில் அவருடைய நாத்தனார் வீட்டில் தங்கினர்.

இரண்டாம் நாள் கரையோரமாகவே பாதை சென்றது. அங்கு ஆட்டோவால் வர இயலாது. ஆகவே அக்பர் பாஷா பெருஞ்சாலையில் சென்று, தெருமுனைகளில் கடலை நோக்கி வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நண்பகல் வரை, “ஏறிக்கிறீங்களா?” என்று கேட்டார். நீலாங்கரைக்கு அப்பால் அந்தக் கேள்வி நின்றது. பனையூரில் அவரையே காணவில்லை. தேடிச் சென்றபோது, மீன் வலைக்காரர்களோடு சவுக்கு நிழலில் அமர்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்திருந்தன.

“அதுக்குள்ள வந்துட்டீங்களா?” அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. “இருவத்திரண்டு வருசமா டீயை சிக்னல்லதான் குட்சிக்கினு கீறேன். கடலப் பாத்துக்கினு குட்சா வேற மாதிரி கீது.”

மூன்றாம் நாள், கோவளத்திற்கு ஐந்து கிலோமீட்டர் மட்டுமே எஞ்சியிருந்த நிலையில், முட்டுக்காட்டுப் பாலத்திற்கு முன்பு ஐவியின் முழங்கால் வீங்கியது. சாலையோரக் கல்லில் அமர்ந்தார். கழிமுகத்தில் படகுகள் ஓடின. அவை அவர் கண்ணில் படவில்லை. இன்னும் நூறு அடி நடப்பதே மலைப்பாக இருந்தது. கணக்கு தவறிவிட்டது என்று அவர் தமக்குள் ஒப்புக்கொண்டார்.

“பாஷாவைக் கூப்பிடுங்க சரோஜா. ஏறிடறேன்.”

சரோஜாதேவி கைப்பேசியை எடுத்தார்.

ஆட்டோ வந்து நின்றது. ஐவி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். பின்னிருக்கை நிறைய இளநீர்க் காய்கள். அவற்றின்மேல் சுருட்டிய கோரைப்பாய், ஒரு மண்பானை, யாரோ கொடுத்த பழைய வலை. காலடியில் பெட்டிகள் இரண்டு.

“எங்க உக்கார்றது?”

“எடம் இல்லியே டீச்சரம்மா.”

“இறக்கி வெச்சா இருக்கும்.”

அக்பர் பாஷா தலையைச் சொறிந்தார். “எறக்கலாம். ஆனா நீங்க ஏறினா வண்டிய நேரா வூட்டுக்குத் திருப்பணும், சாரு சொல்லிக்கீறாரு. கோவளத்துல நண்டு சொல்லி வெச்சிக்கீறேன். என் லீவும்ல போய்டும்?” சற்று நிறுத்திவிட்டு, “மூணு நாள்ல முடிக்கணும்னு சாரு சொல்லலியே. நாலா ஆவட்டுமே,” என்றார்.

ஐவி அவரைப் பார்த்தார். மூன்று நாள் என்பது தாமே போட்ட கணக்கு; விக்டரின் நிபந்தனையில் நாள் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒருவர் அவரை வண்டியில் ஏற வேண்டாம் என்கிறார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீரும் வந்தது.

“பாயை எடுங்க,” என்றார்.

கழிமுகத்தை ஒட்டிய மரத்தடியில் பாய் விரிக்கப்பட்டது. சரோஜாதேவி ஐவியின் காலைத் தம் மடியில் வைத்து, பிசியோதெரபியில் கற்றபடியே ஐஸ் ஒற்றடம் கொடுத்தார். ஐஸ் மீன் வண்டியிலிருந்து வந்தது; மீன் வாடையும் உடன் வந்தது. அக்பர் பாஷா இளநீர் சீவினார். மாலையில் பக்கத்திலேயே அறை கிடைத்தது. விக்டருக்கு ஐவியே பேசினார்.

“கால் வீங்கியிருக்கு. படுத்திருக்கேன்.”

“ஆட்டோல ஏறிட்டியா?”

“இல்ல. நாளைக்கு வர்றேன்.”

“மெதுவா வா,” என்றார் விக்டர்.

ஞாயிற்றுக்கிழமை, கிலோமீட்டருக்கு ஒருமுறை அமர்ந்து, ஐவி சரோஜாதேவியுடன் கோவளத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. ஊர் முனையில் வாடகைக் காருடன் விக்டர் நின்றிருந்தார். மனைவியின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கார்க் கதவைத் திறந்தார்.

“கடல் இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கு,” என்றார் ஐவி. “கதவைச் சாத்திட்டு வாங்க.”

விக்டர் கதவைச் சாத்தினார். மனைவியின் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தார். மணல் தொடங்கிய இடத்தில் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

“சரி, கோவளம் வந்தாச்சு. இதுக்கு மேல எங்க போறது?” என்றார் விக்டர்.

“தெக்கதான்,” என்றார் சரோஜாதேவி. “கடல் இங்கனயா தீந்துபோச்சு?”